விசாரிக்க வந்தவர்கள்

ஞானாம்பிகை யாரையும் லேசில் நம்புகிற பிறவி இல்லை. பால்காரன் கொண்டுவருகிற போத்தல், மின்மானி வாசிக்க வருகிறவனின் கண், கோயிலில் ஐயர் சொல்லுகிற நட்சத்திரம், எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரு சந்தேகம். ஆனால் அவளை நித்திரை கொள்ள விடாத கேள்வி ஒன்றுதான். மகள் உதயகலாவைப் பற்றி ஊரில் யார் கூடாமல் சொல்லித் திரிகிறார்கள்?

உதயகலாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. தகப்பன் இல்லாத பிள்ளை. வந்த கலியாணப் பேச்சுக்கால் எல்லாம் ஒரே மாதிரித்தான் முறிந்தன. சாதகம் பொருந்தும், படம் பிடிக்கும், பிறகு சத்தமே இருக்காது. இடையில் இவர்கள் ஊரான நீர்வேலிக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பார்கள், அங்கேதான் யாரோ வாய் வைத்திருக்கிறார்கள் என்பது ஞானாம்பிகையின் முடிவு. அந்த யாரோ, வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முகப்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முருகேசுதான் என்பதும் அவளுடைய முடிவுதான். புதிதாக ஊருக்குள் வருகிற எவரும் அந்தக் கடையில்தானே வழி கேட்பார்கள்? வேறு சாட்சி எதற்கு என்று அவருடன் முகங்கொடுத்துக் கதைப்பதை விட்டுவிட்டாள். உப்பு, புளி வாங்கக்கூடச் சந்தி வரைக்கும் வெயிலில் நடந்தாள்.

பிள்ளை மேலும் அவளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. உதயகலா பின்வளவுக் கொட்டிலில் வாழைத்தடல் உரித்து, நார் எடுத்து, சாயம் போட்டுப் பை பின்னுகிறாள். ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்த வேலை. கொழும்பில் இருந்தெல்லாம் கேட்டு வாங்குகிறார்கள். தாய்க்கோ அந்தப் பைகள் கண்ணில் படுவதில்லை, பிள்ளையின் விரல்களில் ஏறிக் கிடக்கும் வாழைக்கறைதான் படும். தேசிக்காய் போட்டுத் தேய்க்கச் சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோனாள்.

போன மாதம் உதயகலா ஒரு கதை கொண்டுவந்தாள். யாழ்ப்பாணம் ரவுணில் பழைய மிஷன் பள்ளிக்கூட வளவில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரு விழா நடக்கப் போகிறதாம். ஓவியம், கைப்பணி, சாப்பாடு எல்லாம் ஒரே இடத்தில். வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் நிறைய வருவார்களாம். அதில் ஒரு கடை போட இடம் கிடைத்தால், இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துத் தொழிலாகவே செய்யலாம் என்றாள். எனக்கு இதிலை ஒரு வழி பிறக்கும் அம்மா என்றும் சொன்னாள். கலியாணம் பேசுகிற பிள்ளை கூடாரத்துக்குள் நின்று கண்டவனுக்கும் விலை சொல்லுவதா என்று ஞானாம்பிகை ஒரு பிடி பிடித்தாள். உதயகலா அதன்பிறகு வாயே திறக்கவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகிக்கிற ஞானாம்பிகை அந்த மௌனத்தை மட்டும் சந்தேகிக்காமல் விட்டாள்.

இப்படி இருக்கும்போது ஒரு காலை முருகேசு தானாகவே வாசல் படலையடிக்கு வந்தார். அவள் படலையைத் திறக்கவில்லை. அவர் வெளியில் நின்றபடியே சொன்னார்.

"தங்கச்சி, நேற்று ஒரு காரிலை இரண்டு பேர் வந்து உங்கடை பிள்ளையைப் பற்றி விசாரிச்சவை. திரும்ப வருவினம் போலை. நான் உள்ளதைச் சொன்னனான். விடிய எழும்பினால் வாழைத்தடலோடைதான் நிக்கும், அவ்வளவும் அவளின்ரை கைவேலை எண்டு."

உள்ளதைச் சொன்னாராம். மாப்பிள்ளை வீட்டாரிடம் போய், பிள்ளை விடிந்தால் பொழுதுபட்டால் வாழைக் கழிவோடு மல்லுக்கட்டுகிறாள் என்று சொல்லுவதைவிட வேறென்ன வேண்டும்? இத்தனை நாளும் ஊகித்தது இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிபட்டது என்று ஞானாம்பிகை நினைத்தாள். சரி என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, நேரே பின்வளவுக்குப் போய் ஒரு பூட்டுத் தேடி எடுத்து வைத்தாள். மகளுக்கு மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் தானே எல்லாவற்றையும் கெடுப்பாள்.

வந்தவர்கள் உதயகலா சாயம் வாங்கச் சுன்னாகம் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தார்கள். ஞானாம்பிகை கொட்டிலைப் பூட்டிவிட்டு, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த சேலையை உடுத்திக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். ஒருத்தி நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். பெயர் றெபேக்கா, அரியாலை, பள்ளிக்கூட ரீச்சர் என்றாள். நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் சிலுவை. மற்றவர் சண்முகநாதன், ஓய்வுபெற்ற மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. வேதக்காரப் பெண்ணை முன்னுக்கு விட்டால் யாரும் சம்பந்தம் என்று நினைக்க மாட்டார்கள். கெட்டிக்கார ஆட்கள்தான் என்று ஞானாம்பிகை உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாள்.

றெபேக்கா விழாக் கதையைத் தொடங்கினாள். மண்டபத்தில் ஓவியங்கள், வேப்பமரங்களுக்குக் கீழே கைப்பணிக் கடைகள், கிணற்றடிப் பக்கம் சாப்பாடு, சனி பின்னேரம் கூத்து என்று எல்லாம் விபரமாகச் சொன்னாள். போன முறை சில பேர் தொழிற்சாலையில் செய்த பைகளைத் தங்கள் கைவேலை என்று விற்று மானத்தை வாங்கிவிட்டார்கள் என்றும், அதனால் இந்த முறை சொல்லாமல் கொள்ளாமல் வீடு வீடாகப் போய்ப் பார்த்துத்தான் இடம் கொடுக்கப் போகிறோம் என்றும் சொன்னாள். உதயகலாவும் இடம் கேட்டிருக்கிறா என்றாள்.

ஞானாம்பிகை தலையாட்டிக்கொண்டே கேட்டாள். எவ்வளவு சோடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்! அவளுடைய மாமனாரே அந்தக் காலத்தில் அவளைப் பெண் பார்க்க, மாடு விலைக்குக் கேட்டுத்தான் படலையைத் தட்டினார். அவளுடைய தாய் வீட்டில் மாடே இருந்ததில்லை. வந்தவர்கள் தாங்களாகச் சொல்லுமட்டும் தெரியாத மாதிரி இருப்பதுதான் பெண் வீட்டுக்கு மரியாதை. பிள்ளையின் பெயரையும் முருகேசு சொல்லிக் கொடுத்திருப்பார், அதிலென்ன அதிசயம்?

தேத்தண்ணீரும் இதரை வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தாள். சண்முகநாதனைப் பார்த்து, எத்தனை பிள்ளைகள் என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். ஒரு மகன், நோர்வேயில், இன்னும் ஒன்றும் சரிவரவில்லை என்று அவர் பெருமூச்சு விட்டார். அவளுக்கு அது போதும். பின்வளவைப் பார்க்கலாமோ என்று அவர் கேட்டபோது இன்னும் உறுதியாகிவிட்டது. காணி பார்க்காமல் எந்த மாப்பிள்ளை வீட்டார் போயிருக்கிறார்கள்? கிணறு, வாழைத்தோட்டம், எல்லை வேலி எல்லாவற்றையும் ஆசை தீரக் காட்டினாள். கொடியில் காய்ந்த நாரை அவர் தொட்டுப் பார்த்தார். பூட்டிக் கிடந்த கொட்டிலையும் ஒருதரம் பார்த்தார்.

"அம்மா, உது மகள் தன்ரை கையாலை செய்யிறதுதானே? கடைக்காரர் அப்பிடித்தான் சொன்னவர்," என்றாள் றெபேக்கா.

இதற்காகத்தான் ஞானாம்பிகை இத்தனை நாள் காத்திருந்தாள்.

"அந்த ஆள் சொல்லுறதை நம்பாதேங்கோ. என்ரை பிள்ளைக்கு உந்த வேலை ஒண்டும் தெரியாது. வேறை பெட்டையள் செய்து தாறதை வாங்கி வைக்கிறவள், அவ்வளவுதான். அவளை நான் வெயில் படாமல் வளத்தனான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னதுக்கு நன்றி அம்மா என்று சண்முகநாதன் கைகூப்பினார். கார் போன பிறகும் ஞானாம்பிகை படலையடியில் நின்றாள். கனகாலத்துக்குப் பிறகு மனம் நிறைந்திருந்தது.

பொழுதுபடுகிற நேரம் உதயகலா திரும்பி வந்தாள். சாயப் பொட்டலங்களை இறக்கி வைத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தவள் குரல் செய்தி ஒன்றைத் தட்டினாள். றெபேக்காவின் குரல் விறாந்தை முழுக்கக் கேட்டது. "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு உங்கடை வீட்டை வந்தனாங்கள். நீங்கள் செய்யிறதில்லை எண்டு அம்மாவே சொன்னவ. உங்கடை இடத்தை வேறை ஒரு ஆளுக்குக் குடுத்திட்டம்."

"அப்ப அவை மாப்பிள்ளை வீட்டார் இல்லையோ?" என்றுதான் ஞானாம்பிகைக்கு முதலில் வந்தது. உதயகலா தாயின் முகத்தைப் பார்த்த பார்வையில் அவளுக்கு மெல்ல மெல்ல எல்லாம் விளங்கியது. இடம் கேட்டதை உங்களுக்குச் சொன்னால் கெடுப்பியள் எண்டுதான் சொல்லேல்லை என்று மட்டும் மகள் சொன்னாள். இறக்கி வைத்த சாயப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கட்டினாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கைப்பேசியைத் தா, நானே கதைக்கிறேன் என்று ஞானாம்பிகை வாங்கினாள். றெபேக்காவின் எண்ணுக்குத்தான் எடுத்தாள், மறுமுனையில் கதைத்தது பக்கத்தில் இருந்த சண்முகநாதன். பிள்ளைதான் எல்லாம் செய்கிறவள், நான் வேறொன்றை நினைத்துப் பொய் சொல்லிவிட்டேன், நாளைக்கே வந்து பாருங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, மகள் இப்ப பக்கத்திலை நிக்கிறாவோ?"

"ஓம்."

"அதுதான் கேட்டனான்," என்றார். பிள்ளை சொல்லிக் கொடுத்ததைத் தாய் ஒப்புவிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டவர், மரியாதையாகவே தொடர்பைத் துண்டித்தார்.

மகள் கொட்டிலடிக்குப் போய்விட்டாள். ஞானாம்பிகை செருப்பைக்கூடப் போடாமல் ஒழுங்கை முகப்புக்கு நடந்தாள். முருகேசு கடையில் தனியே இருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். நீங்கள் ஒருதரம் அவர்களோடு கதையுங்கள் என்று கேட்டாள்.

முருகேசு கல்லாப்பெட்டியை மூடினார். "கதைக்கிறன். ஆனால் தாய் இல்லையெண்டு சொன்னாப் பிறகு கடைக்காரன்ரை கதை எடுபடுமோ?" என்றார்.

அவள் அங்கேயே நின்றாள். பிறகு இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டாள். முந்தி, கலியாணத்துக்கென்று விசாரிக்க வந்தவர்களுக்கு அவர் என்ன சொன்னார்?

"கலியாணத்துக்கு எண்டு ஒருத்தரும் என்னட்டை வந்ததில்லை, தங்கச்சி. பிள்ளையைப் பற்றி வந்து கேட்ட முதல் ஆக்கள் உவைதான். அதாலைதான் சந்தோசத்திலை உங்கடை படலைக்கு ஓடி வந்தனான். இப்பிடி ஒரு பிள்ளை எனக்கிருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிவன் எண்டும் அவைக்குச் சொன்னனான்."

ஞானாம்பிகைக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த முறை அது யார் மேல் என்று அவள் தேடவேண்டியிருக்கவில்லை.