மூலையில் ஒரு வெட்டு

ராயப்பராஜுக்கு வயது அறுபத்தெட்டு. அவருக்கு வாத்தியாராக வாய்த்த ஷப்னத்துக்கு முப்பத்தொன்று. மேட்டுப்பட்டியில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. ரிட்டயர் ஆன மனுஷன் பேப்பர் படித்தோமா, சாயங்காலம் கோயில் பூசைக்குப் போனோமா என்று இல்லாமல், மூன்று கால் ஸ்டாண்டின் மேல் ஒரு மரப்பெட்டியை ஏற்றிவைத்துக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறாரே, இது என்ன கூத்து என்று கேட்டார்கள். எல்லாருக்கும் அவரிடம் ஒரே பதில்தான். “டீச்சர் ஹோம்ஒர்க் குடுத்திருக்காங்க.”

ஷப்னம் அவரைத் தேடிப் போனது பாடம் நடத்த அல்ல. பிலிம் கேட்டுத்தான் போனாள். பேகம்பூரில் பிறந்து, சென்னையில் படித்து, கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறவள். ஆனால் உயிர் இருந்ததெல்லாம் அந்தப் பெரிய மரக் கேமராவில். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பிலிம், அதுவும் ஒரு நோட்டுப் புத்தகம் அகலத்துக்கு. அந்த அளவில் அசல் பிலிம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அவளுக்குக் கட்டுப்படி ஆகாது. எக்ஸ்ரே பிலிம் அதே அளவில் கிடைக்கும் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பழைய பெட்டி வேண்டுமென்றால் எக்ஸ்ரே ராயப்பராஜிடம் கேள் என்றார்கள்.

கேட்டாள். அந்த மனுஷன் முப்பத்தாறு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் இருட்டறையில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் பிலிம் கழுவியவர். போதாததற்கு வீட்டுக்குப் பின்னால் அதே மாதிரி ஓர் அறையையும் கட்டிவைத்திருந்தார். தொட்டி, கிளிப், சிவப்பு பல்பு, ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய, எக்ஸ்ரே மாட்டிப் பார்க்கிற வெளிச்சப்பெட்டி எல்லாம் இருந்தன. அவள் எடுத்து வந்த பிலிமை அவர் கழுவித் தந்தபோது ஷப்னம் அசந்துபோனாள். ஒரு கீறல் இல்லை, ஒரு விரல் ரேகை இல்லை.

“ஊருல உள்ள அம்புட்டுப் பேரு எலும்பையும் பார்த்த மனுசன்” என்றார் அவர் மனைவி புஷ்பமேரி, காபியை நீட்டிக்கொண்டே. “எம்மூஞ்சிய ஒரு தடவ படம் பிடிச்சிருக்காரான்னு கேளு தாயி.”

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தப் பள்ளிக்கூடம். பத்து மாதம் நடந்தது. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்க்க, எத்தனை நொடி திறக்க வேண்டும் என்று கணக்குப் போட, முகத்தில் கண்ணைத்தான் முதலில் கூர்மையாக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர் நல்ல மாணவர். சொன்னதை ஒருமுறை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். பிலிம் வைக்கிற தட்டைக் கடைசிவரை ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் ‘கேசட்’ என்றுதான் சொன்னார், அதை மட்டும் மாற்ற முடியவில்லை.

இருட்டறைக்குள் மட்டும் அவர் மாணவர் இல்லை, ராஜா. கதவில் யாருடைய கை பட்டாலும் “தொறக்காத!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். பெரும்பாலும் அது புஷ்பமேரியின் கையாகத்தான் இருக்கும். “ஆமா, உள்ள பொக்கிஷம் இருக்கு, நான் தொறந்து அள்ளிக்கிட்டுப் போகப்போறேன்” என்று முனகிவிட்டு டம்ளரைப் படியில் வைத்துவிட்டுப் போவார்.

அந்த முனகலுக்கே புஷ்பமேரிக்கு மூச்சு வாங்கும். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. சரிசெய்ய வழியில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கார்த்திகை பிறந்தபோது மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ராயப்பராஜ் தென்னை, கிணறு, மலைக்கோட்டை என்று படம் எடுத்துச் சுற்றுவதை விட்டுவிட்டார். ஒரே ஒரு படம் போதும் அவருக்கு. புஷ்பம் உயிரோடு இருக்கும்போது, கண் திறந்திருக்கும்போது, தன் கையால் எடுத்து, தன் கையால் கழுவி, வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும்.

முதலில் எடுத்தது கெட்டுத் தொலைந்தது. படத்தில் கோளாறு இல்லை, பிலிமில்தான். எக்ஸ்ரே பிலிமுக்குச் சிவப்பு நிறம் கண்ணில் படாது. அதனால்தான் சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு அதைக் கழுவ முடிகிறது. நம் ஊர்த் தோலிலோ சிவப்புதான் ஓடுகிறது. அது அந்தப் பிலிமில் கறுப்பாக விழும். புஷ்பமேரியின் மாநிறம் அடுப்புக்கரியாகி, உதடு தனியாகக் கருத்து, ஒவ்வொரு சுருக்கமும் வெட்டுக்காயமாகத் தெரிந்தது. ராயப்பராஜ் அதைப் பெருமையோடு தூக்கிக் காட்டினார். புஷ்பமேரி நல்லா இருக்கு என்று சிரித்தார்.

அவர் கடைக்குப் போனதும் புஷ்பமேரி ஷப்னத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். “செத்தாலும் இம்புட்டு அசிங்கமா இருக்க மாட்டேனே தாயி. வேற பிலிமு இல்லையா?”

இருந்தது. சென்னைத் தோழி ஒருத்தி விட்டுச்சென்ற அசல் பிலிமில் மூன்று மிச்சம். ஷப்னம் அதைத் தன் அம்மாவின் படத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அதற்கு எல்லா நிறமும் தெரியும். சிவப்பும் தெரியும் என்பதால் சிவப்பு பல்பும் ஆகாது.

“இருக்கும்மா. சார்கிட்டச் சொல்லிட்டு...”

“சொல்லாத. முப்பத்தாறு வருசம் தொட்ட பிலிமு எம்மூஞ்சிக்கு லாயக்கில்லைன்னு தெரிஞ்சா அந்த மனுசன் சோறு திங்க மாட்டாரு. நீயே வச்சு, நீயே கழுவிரு. நல்லா வந்துச்சுன்னா அவரு கைராசின்னு இருக்கட்டும்.”

ஷப்னம் தலையாட்டினாள். நல்ல எண்ணத்தில்தான் ஆட்டினாள்.

வியாழக்கிழமை காலை, பின்வாசலில் வெள்ளை வேட்டியைக் கட்டி வெயிலைத் தணித்து, அதன் கீழே நாற்காலி போட்டார்கள். புஷ்பமேரி அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த சின்னாளப்பட்டிச் சுங்குடி கட்டியிருந்தார். குழாயை மூக்கிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். நான்கு நொடி அசையாமல் இருக்க வேண்டும். ராயப்பராஜ் கறுப்புத் துணியிலிருந்து வெளியே வந்தார், ஷப்னம் பிலிம் வைத்துக் கொண்டுவந்த கேசட்டைச் செருகினார், பிலிமை மூடியிருந்த தகட்டை உருவினார். பிறகு ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சொன்ன அதே குரலில் சொன்னார்.

“மூச்ச இழு. பிடி. ஆடாத.”

நான்கு நொடி. அந்த நுரையீரலுக்கு அது ஒரு மலை ஏற்றம். புஷ்பமேரி கண்ணை இமைக்காமல் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விடு.”

இருமல் அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. இரண்டாவது படம் என்ற பேச்சே எழவில்லை. ராயப்பராஜ் கேசட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இருட்டறை அலமாரியில் கொண்டுபோய் வைத்தார்.

“திருச்சியில ஒரு கல்யாணம் சார். திங்கக்கெழம வாரேன், ரெண்டு பேரும் சேர்ந்து கழுவுவோம்” என்றாள் ஷப்னம். அன்றைக்குப் புது முறை ஒன்று என்று ஏதாவது சொல்லி பல்பை அணைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திருச்சி மண்டபத்தில் போன் வந்தது.

“புஷ்பம் போயிட்டா டீச்சரம்மா. விடிகாலைல. தூக்கத்துலயே.”

ஷப்னத்தின் வாய் தானாக இன்னாலில்லாஹி சொன்னது. அழுகை வந்தது. அழுகைக்கு நடுவிலேயே, சத்தியமாக நடுவிலேயே, அலமாரியில் இருக்கும் கேசட் நினைவுக்கு வந்தது. சார், அதைத் தொடாதீங்க. மூன்றே வார்த்தை. பொண்டாட்டியைப் பறிகொடுத்து அரைநாள் ஆகாத மனுஷனிடம் பிலிமைப் பற்றிப் பேசுவதா என்று நாக்கு கூசியது. “நான் கெளம்பி வாரேன் சார்” என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் மணப்பாறை தாண்டும்போது போனைக் கையில் எடுத்தாள். இன்றைக்கா போய் அவர் பிலிம் கழுவப்போகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையில் போட்டுவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. புஷ்பமேரி அதே சுங்குடியில், பெட்டிக்குள், மூக்கில் குழாய் இல்லாமல் கிடந்தார். பக்கத்தில் ராயப்பராஜ் இல்லை. வாசலில் அவர் தங்கை மகன் ராபின் பிளக்ஸ் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தான். அதில் புஷ்பமேரியின் ஆதார் அட்டை முகம், திருட்டுக் குற்றத்தில் பிடிபட்ட மாதிரி விழித்துக்கொண்டிருந்தது.

“நல்ல போட்டோ இருக்கு, நானே கழுவித் தாரேன்னு சொல்லி மாமா பின்னால ரூமுக்குப் போனாருக்கா. பத்து மணிக்குப் போனவரு. இன்னும் வரல. பிளக்ஸ்காரன் நிக்க மாட்டேன்னுட்டான்.”

ஷப்னம் பின்பக்கம் ஓடினாள். கதவைத் தட்டினாள்.

“வா டீச்சரம்மா. தொறந்துதான் இருக்கு.”

சிவப்பு பல்பு எரிந்தது. ராயப்பராஜ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே வெளிச்சப்பெட்டியும் எரிந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் கிளிப்பில் தொங்கிய பிலிம் சிலேட்டுப் பலகையாகக் கருத்திருந்தது.

“முகம் வந்துச்சும்மா” என்றார். “மருந்துல போட்டதும் மொதல்ல தோடு தெரிஞ்சுச்சு. பெறகு நெத்தி. செத்த நேரந்தான். நாலு பக்கம் இருந்தும் கருப்பு வந்து மூடிருச்சு.”

அவர் எழுந்து பிலிமின் ஓரத்தில் விரலை வைத்தார். டாக்டர்களுக்கு நிழலைக் காட்டிப் பழகிய விரல்.

“இந்த ஓரத்தப் பாரு. கேமராவுல கெட்டிருந்தா, கேசட்டு விளிம்பு மறைச்ச எடம் வெள்ளையா நிக்கணும். நிக்கல. ஓரம் வரைக்கும் கருப்பு. அப்ப, வெளியில எடுத்த பெறகுதான் கெட்டிருக்கு. நீ சொல்லிக்குடுத்ததுல ஒரு தப்பும் இல்ல டீச்சரம்மா. எங்கையிலதான் போச்சு. முப்பத்தாறு வருசத்துல எங்கையில ஒண்ணு கெட்டதில்ல. அவளோடதப் போயி...”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். அவள் பெயர் அதில் இல்லை. அரை நிமிஷம் அப்படித்தான் இருந்தாள், அந்த அரை நிமிஷத்துக்காகப் பிறகு நெடுநாள் தன்னையே வெறுத்தாள். அதற்குள் அவர் விரல் பிலிமின் மூலைக்குப் போய் நின்றது. அங்கே ஓரத்தில் சின்னச் சின்னதாக வெட்டுகள் இருந்தன.

“உருவும்போதே கையில பட்டுச்சு. பழைய பெட்டி, எலி கிலி கடிச்சிருக்கும்னு விட்டுட்டேன். இது கடி இல்லையே. அளவா வெட்டுன வெட்டு. இது என்ன?”

“சார், அது எக்ஸ்ரே பிலிம் இல்ல.”

அவர் திரும்பவில்லை.

“அசல் பிலிம் சார். புஷ்பம்மா முகம் நல்லா வரணும்னு நாந்தான் வச்சேன். அதுக்குச் சிவப்பும் தெரியும். சிவப்பு லைட்டு ஆகாது. உங்க கையில கெடல சார். நான் சொல்லாததுனால கெட்டுச்சு.”

முன்வீட்டில் ஜெபமாலை ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கியது.

“புஷ்பத்துக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார் ராயப்பராஜ். “கழுவுறவனுக்குத் தெரியல.” பிலிமைப் பார்த்தபடியே கேட்டார். “காலைல போன்ல பேசுனேனே.”

“வாய் வரல சார். அந்த நேரத்துல போயி பிலிமப் பத்தி எப்படின்னு...”

“ம்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் பிலிமைக் கிளிப்பிலிருந்து எடுத்து, வெட்டு இருந்த மூலையை அவள் பக்கமாக நீட்டினார்.

“இப்பச் சொல்லு.”

“என்ன சார்?”

“இந்தப் பாடத்தச் சொல்லிக்குடுக்காம விட்டேல்ல. இப்பச் சொல்லு.”

“சார், வேண்டாம் சார்.”

“சொல்லு.”

சொன்னாள். “எந்தப் பிலிம்னு இருட்டுல விரலுக்குத் தெரியத்தான் இந்த வெட்டு. வெட்டு வலது கைப் பக்கம் மேல் மூலையில இருந்தா, படம் விழுற மருந்துப் பக்கம் நம்மளப் பாத்து இருக்குன்னு அர்த்தம். வெட்டு கையில பட்டா எந்த லைட்டும் கூடாது. சிவப்பும் கூடாது. முழு இருட்டு வேணும்.”

அவர் வழக்கம்போல ஒருமுறை திருப்பிச் சொன்னார். “வெட்டு, வலது கை மேல் மூலை. மருந்து நம்மளப் பாத்து. எந்த லைட்டும் கூடாது. சிவப்பும் கூடாது.” சொல்லிவிட்டு வெளிச்சப்பெட்டியை அணைத்தார். பிறகு கையை உயர்த்திச் சிவப்பு பல்பையும் அணைத்தார்.

பத்து மாதத்தில் அந்த அறை அவ்வளவு இருட்டாகி ஷப்னம் பார்த்ததில்லை. தன் கையே தெரியவில்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் எங்கோ பக்கத்தில் கேட்டது.

“இம்புட்டு இருட்டு வேணுமா?”

“இம்புட்டு வேணும் சார்.”

எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று தெரியாது. வெளியே செருப்புச் சத்தம் வந்தது. ராபினின் கை கதவில் பட்டது.

“மாமா, பங்குச் சாமியார் வந்துட்டாரு. பெட்டிய மூடணும்கிறாங்க. கடைசியா முகம் பாக்க வாங்க.”

கதவு லேசாக அசைந்து, அடியில் கோடாக வெளிச்சம் விழுந்தது.

“தொறக்காத!” என்று ராயப்பராஜ் உள்ளேயிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

காப்பாற்ற உள்ளே ஒரு பிலிமும் இல்லை. ஆனாலும் ராபின் கையை எடுத்துவிட்டான், வெளிச்சக் கோடு மறைந்தது.