ஒற்றை டிக்

முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டில் சிக்னல் கிடைப்பது மொட்டை மாடியில்தான். காயப்போட்ட துணிகளுக்கு நடுவே மதிவதனி போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். அண்ணி ஜெயப்பிரியா அவள் வாயையே பார்த்தாள். ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் கப்பல் தீப்பிடித்து, அதில் வெல்டராக இருந்த அண்ணன் பரத் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்பதுவரை தெரியும். பிழைத்தானா என்பது தெரியாது.

"நீதான் அவங்க பாஷையிலயே டாக்டர் ஆனவளாச்சே, பேசு."

அவள் டாக்டர் பட்டம் வாங்கியது ஈரானிய மொழிகளில் வினைச்சொல்லின் தலையில் ஒட்டும் சிறு துண்டுகளின் வரலாற்றுக்கு. இடைக்காலப் பாரசீகத்தில் 'ஹமே' என்றால் 'எப்போதும்'. அந்தத் தனிச்சொல் பேசிப் பேசித் தேய்ந்து 'மீ' ஆனது. வேலை நடந்துகொண்டிருப்பதைக் காட்ட வினையின் முன்னால் ஒட்டிக்கொண்டது. அண்ணி வாயில் 'வந்துகொண்டு' 'வந்துகினு' ஆன கதைதான். நமக்கு வாலில் ஒட்டுகிறது, அவர்களுக்குத் தலையில். எல்லாம் அச்சில் படித்தது. பாரசீகம் பேசும் ஒருவரோடும் அவள் பேசியதே இல்லை.

நர்ஸின் குரல் படபடவென்று கொட்டியது. ஒரு சொல் பிடிபடுவதற்குள் பத்துச் சொல் ஓடிவிட்டது.

"இன்னா சொல்றா? கீறாரா இல்லியா?"

"புரியல அண்ணி."

"புரியலியா? இத்தினி வருசமா இன்னாத்த படிச்சுகினு இருந்தே?"

நர்ஸ் சலித்துக்கொள்வது மட்டும் எந்த மொழியிலும் புரியும். போனை வைத்துவிடப்போகிறாள். மதிவதனி கத்தினாள்: "பெனெவிசீத்! பெனெவிசீத்!" எழுதுங்கள். கேட்டதைத்தான் அவளால் பிடிக்க முடியாது, எழுதியதைப் படிப்பாள்.

இணைப்பு அறுந்தது. ஜெயப்பிரியா கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு போன் அதிர்ந்தது. மூன்று வரி. மதிவதனி வலமிருந்து இடமாக விரலை ஓட்டினாள். முதல் வினையின் தலையில் 'மீ' ஒட்டியிருந்தது.

"மூச்சு விட்டுகினு கீறாரு, அண்ணி." படித்தவளின் தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது.

"பேசறாரா?"

"இல்ல."

"அப்பால இன்னா போட்டுக்கீது?"

"சொந்தக்காரங்க யாராச்சும் சீக்கிரம் வாங்கன்னு."

"பாஸ்போர்ட்டே இல்லாம நான் எப்பிடிடி போவேன்?" ஜெயப்பிரியா சுடுகிற தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடனே முழங்காலில் எழுந்து மதிவதனியின் புடவையைப் பற்றினாள். "எழுது. பிரியா வந்துகினு கீறான்னு அவரு காதுல சொல்லச் சொல்லு. பொய்யா இருந்தா இன்னா, எழுது!"

மதிவதனி எழுதி அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவதற்காக இருவரும் அந்தச் சின்னத் திரையின்மேல் குனிந்தே இருந்தார்கள்.