தறிக்காரியின் நாலு கம்பி

கடைக்காரர் பளபளவென்று ஒரு சிவப்பு பேஸ் கிட்டாரை எடுத்து நீட்டினார். அம்மா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூலையில் சாய்ந்திருந்த பழைய பழுப்பு பேஸ் கிட்டாரை மடியில் வைத்து, தடித்த கம்பியை ஒருமுறை மீட்டி, தாடையை அதன் மரத்தில் அழுத்திக்கொண்டாள்.

“அம்மா, எல்லாரும் பாக்கறாங்க!” மகளுக்கு மானம் போயிற்று.

“பாக்கட்டும். இதுதான்டி எனக்குக் கேக்குது.”

இருபத்திரண்டு வருடம் ஆலைத் தறிகளுக்கு நடுவே நின்றதில் அம்மாவின் காது பாதி செத்துப்போயிருந்தது. மகள் நன்றாகப் பாடுவாள். பாவம், அந்தக் குரல் அம்மாவுக்கு எட்டாமல் போய் மூன்று வருடம். பேஸ் கிட்டாரின் தடித்த, தாழ்ந்த ஒலி மட்டும் தாடை எலும்பு வழியாக வந்து சேரும். அடுத்த மாதம் மகள் வேலைக்காக வெளியூர் போகிறாள். அதற்குள் அவளோடு ஒரே ஒரு பாட்டையாவது முழுசாக வாசித்துவிட வேண்டும். இந்த வயதில் இது தேவையா என்றவர்களை அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்த வகையில் செவிடு வசதிதான்.

விரல்கள் கொப்புளித்தன, பொறுத்துக்கொண்டாள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒரு விரல் தவறினால் போதும், உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கி நிறுத்திவிடுவாள். ஆலையில் ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் துணி பாழ்.

“தப்பானா ஆகட்டும், நிறுத்தாதம்மா!” மகள் முகத்துக்கு நேரே வந்து கத்துவாள்.

“ஓட்டை விழுந்துடுமேடி!”

“விழட்டும்மா!”

ஒரு மாதமும் ஓடிப்போயிற்று. பாட்டு ஒருநாளும் முடிவைத் தொடவில்லை.

புறப்படுகிற நாள் காலை, கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்தார்கள். தாடையை மரத்தில் பதித்து, மகளின் உதடுகளையே பார்த்தபடி அம்மா வாசித்தாள். கை அன்றைக்கு அதிசயமாகத் தவறவே இல்லை.

இரண்டாவது சரணத்தில் அந்த உதடுகள் நின்றுவிட்டன. மகளின் கண்கள் நிறைந்திருந்தன, மோவாய் நடுங்கியது.

அம்மாவின் உள்ளங்கை பழக்கதோஷத்தில் கம்பிகளை நோக்கி இறங்கியது. ஆனால் தொடவில்லை. அவள் வாசித்துக்கொண்டே போனாள். அதே வரியையே மூன்று சுற்று, நான்கு சுற்று. ஐந்தாவதில் மகளின் உதடுகள் மறுபடி அசைந்தன.

முடித்ததும் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அம்மாவுக்குப் புரியும்படி நிதானமாக வாயசைத்தாள். “நடுவுல பெரிய ஓட்டைம்மா.”

“விழட்டும்டி,” என்றாள் அம்மா.