பதினாறு நாள் பொறுக்காத பட்டுக்கூடு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்ட, ஒரு பட்டுக் கதை சொல்கிறேன், அதோ என் மாமியார் மாதம்மாள் மூலையில் உட்கார்ந்து ஒரு பட்டுக்கூட்டைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறாள், உள்ளே கூட்டுப்புழு லொடக்கென்று உருளுகிறது, மாமனார் செத்து மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்தவர்கள் கால் கழுவிய ஈரம் வாசலில் இன்னும் காயவில்லை, நான் வாழ வந்த முதல் வருஷம் அது, மாமனார் படுக்கையில் கிடந்ததால் மல்பெரித் தழை வெட்டிப் போட்டதெல்லாம் நான்தான், நாலு தடவை தூங்கித் தோலுரித்த புழுக்கள் கண்ணாடி போலப் பழுத்ததும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூங்கில் தட்டியில் விட்டதும் நான்தான், தலையை ஆட்டி ஆட்டி எச்சிலையே இழையாக்கித் தங்களைச் சுற்றிக்கொண்டன, எட்டுக்கால் பூச்சியும் நூல் விடுகிறது, கடலுக்குள் ஒரு சிப்பிகூட விடுமாம், ஆனால் நம் சேலைக்கு நூல் கொடுப்பது இந்தப் புழுதான், கூட்டை வெந்நீரில் போட்டு நுனியைப் பிடித்தால் அரை மைலுக்கு ஒரே இழை, எட்டுப் பத்து இழைகளைச் சேர்த்து இழுத்து, முறுக்கி, சாயமேற்றி, தறியில் ஓட்டினால் சேலை, பூச்சி பொத்துக்கொண்டு வந்துவிட்டாலோ இழை அறுந்து அத்தனையும் வெறும் பஞ்சு, பூச்சி வர இன்னும் நாலே நாள், அதற்குள் கூடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றாக வேண்டும், என் தூக்கமெல்லாம் அந்தக் கூடைகளில் கிடக்கிறது.

வாசலில் நிற்கிறார் மாமனாரின் தம்பி சென்றாயன், பதினாறாம் நாள் காரியம் முடியாம இந்த வூட்டுலருந்து ஒரு துரும்பு வெளிய போவக் கூடாது அண்ணி, தீட்டு, என்கிறார், கதவுக்குப் பின்னாலிருந்து நான், நாலு நாள்ல பூச்சி வந்துடுங்க சின்ன மாமா, என்றேன், அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம், பூச்சி வந்தா வரட்டும், எங்கண்ணன் வருவாரா, என்றார், கனவில் ஓடுகிற மாதிரி நின்ற இடத்திலேயே நிற்கிறேன், அப்போதுதான் அத்தை எழுந்தாள், மூன்று நாளாக எழாதவள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், ஏன்டா சென்றாயா, உங்கண்ணன் படுத்த ஆறு மாசத்துல நீ எத்தினி நாளு வந்து தழை வெட்டிப் போட்ட, இந்தப் புள்ள கையப் பாரு, காப்புக் காய்ச்சிக் கெடக்கு, தீட்டு எனக்குடா, புழுவுக்கு என்னா தீட்டு, என்றாள், ஊரு பேசும் அண்ணி, அண்ணன் ஆத்மா என்னா நெனைக்கும், என்று அவர் இழுக்க, உசுரோட இருந்தப்பவே நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுன மனுசன், இப்ப மட்டும் எதுத்தா பேசப் போறாரு, என்று அத்தை சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது, மூன்று நாளாக வராத அழுகை அப்போது வந்தது, அழுதுகொண்டே கூடுகளை அள்ளி மூட்டையில் போட்டாள், மூக்கைச் சிந்திவிட்டு, தூக்குடா, பஸ்ஸு போயிடும், என்றாள், சின்ன மாமா தோள் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார், குனிந்து மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார், நடக்கிறார், பின்னால் நான், என் கண்ணுகளா, துக்கம் வராத வீடு ஏது, அது வரும் நாளிலும் உங்கள் வீட்டில் அடுத்தவள் படும் பாட்டைப் பார்த்து எழுந்து நிற்க ஒருத்தி இருக்கட்டும், உங்கள் அடுப்பு அணையாமல் எரியட்டும்.