கேபினுக்குள் ஏற்றிய தோல்

இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. ஒரு மாதமாகப் படகு கேபினுக்குள் குனிந்தே வேலை செய்ததில் ஃபைபர்காரருக்கு முதுகு வளைந்த ஆணி மாதிரி ஆகியிருந்தது. கழுத்து மடிப்பில் ஃபைபரின் கண்ணாடி நார்த் தூசி. சொறிந்தால் எரியும், சொறியாவிட்டால் அரிக்கும். பட்டறைத் தரையிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

செய்து முடித்த கேபின் பக்கத்தில் நின்றது. படகில் சுக்கான் பிடிக்கிறவன் நிற்கும் அறை அது. ஆள் உயரத்துக்கு மேல், லாரியின் அகலத்தை அடைக்கும். வாங்குகிற படகு முதலாளி நாட்டின் மறுகோடியில் இருந்தார். கொண்டுவந்து இறக்கினால்தான் பணம். இது பிடித்துப்போனால் தன் மற்ற ஆறு படகுக்கும் இவரிடமே செய்வதாகச் சொல்லியிருந்தார். பட்டறையில் வேறு வேலை கிடையாது. அந்த ஆறும் வராவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

"எடை என்னண்ணே?" என்றான் போனில் இருந்த லாரி புக்கிங்காரன்.

"முன்னூறு கிலோ தாண்டாது."

"எடைய விடுங்க. நீளம் அகலம் சொல்லுங்க."

சொன்னார். அவன் கேட்ட வாடகையில் இடுப்புவலி மறந்து எழுந்து உட்கார்ந்தார்.

"யோவ், உள்ள வெறும் காத்துதான்யா இருக்கு!"

"காத்துக்கும் வாடகை உண்டுண்ணே. கட்டுப்படியாகலன்னா ரெண்டா அறுத்து அனுப்புங்க."

அன்றைக்குப் பேசிய எல்லோரும் இதே ரகம். ஒருவன் தனி டிரெய்லர் வேண்டும் என்றான். இன்னொருவன் அகலத்துக்குப் பெர்மிட், பெர்மிட்டுக்கு மேல் 'கவனிப்பு' என்றான். எல்லோர் குரலிலும் ஒரே பிசுபிசுப்பு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சாயங்காலம், கூட வேலை செய்யும் மச்சினன் ஓடி வந்தான். "மாமா, ஒரு புக்கிங்காரன் சிக்கிட்டான். சரக்க இறக்கிட்டு வண்டி காலியா திரும்புதாம். பாதி வாடகைதான். முழுசா முன்னாடியே கட்டணும்."

"பாதி வாடகைன்னா பாதி வழியில இறக்கிட்டுப் போயிடுவானாடா?"

"உன்ன ஒருத்தன நம்பித்தான் எங்கக்காவ கட்டிக் குடுத்தோம். நாங்க ஏதாவது கேட்டமா?"

கேபினை ஏற்றி அனுப்பினார்கள். உள்ளே பிளைவுட் தரைக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. வழியில் கீறல் விழும் என்பதால் படகில் மாட்டிய பிறகு அடிப்பதே வழக்கம். இருவரும் பஸ் ஏறித் துறைமுகத்துக்குப் போய்க் காத்திருந்தார்கள்.

லாரிக்கு முன்னால் ஈக்கள் வந்தன.

கேபின் கதவில் சுற்றியிருந்த கம்பியை லாரி டிரைவர் அவிழ்த்தார். மச்சினன் உள்ளே எட்டிப் பார்த்தான். திரும்பி டயர் ஓரமாக வாந்தி எடுத்தான். வெள்ளைச் சுவர் முழுக்கக் கொழுப்பு வழிந்து காய்ந்திருந்தது. அதில் மாட்டு மயிர் ஒட்டியிருந்தது. உப்பும் இரத்தமும் கலந்த தண்ணீரைக் குடித்துப் பிளைவுட் உப்பியிருந்தது. மூலையில் புழு நெளிந்தது.

"என்னய்யா இது?"

"உப்புப் போட்ட பச்சை மாட்டுத்தோலுங்க. நேத்துத்தான் வழியில இறக்குனேன். என்னைக் கேக்காதீங்க, புக்கிங் ஆபீஸ்ல ஏத்திவிட்டாங்க. உள்ள காலியாத்தான இருக்குன்னாங்க."

படகு முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "இதுக்குள்ளயா என் ஆளு நின்னு சுக்கான் பிடிக்கணும்? மீனே திரும்பி ஓடிரும்."

"கழுவிக் குடுத்துடறேன் முதலாளி."

தரையைப் பெயர்த்து எறிந்து புதுப் பலகை போட்டார்கள். பட்டி போடும் தகட்டால் மூலைகளில் இருந்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். சோப்புத்தூள், பிளீச்சிங் பவுடர், கொதிக்கிற தண்ணீர். நகத்துக்குள் புகுந்த கொழுப்பு சாப்பிடும்போது வாய்க்கு வந்தது. ஃபைபர்காரர் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

முதலாளி இரண்டு முறை முகர்ந்து பார்த்தார். கேபினை எடுத்துக்கொண்டு, பேசிய விலையில் கால்வாசியைக் கழித்தார்.

"அந்த ஆறு படகு, முதலாளி?"

"அதுக்கு இங்கயே ஆள் பாத்துக்கறேன். உங்கமேல தப்பில்ல. ஆனா உங்களப் பாத்தாலே எனக்கு அந்த நாத்தம் வருது."

ஊர் திரும்பியதும் இருவரும் நேராகப் புக்கிங் ஆபீசுக்குப் போனார்கள். பாதி வாடகைக்காரன் மேசைமேல் இலை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"வெறும் காத்த அவ்வளவு தூரம் ஏத்திக்கிட்டுப் போறதுல யாருக்குண்ணே லாபம்?" என்றான், வாயில் சோற்றோடு.

"அந்தக் காத்துக்கு நான் வாடகை கட்டியிருக்கேன். அந்த இடம் என்னோடது. அத நீ வித்திருக்க. தோல்காரன்கிட்ட எவ்வளவு வாங்குன?"

"ஒன்பதாயிரம்." கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை.

"எடு."

அவன் சிரித்தான். பல்லிடுக்கில் கீரை தெரிந்தது. "நியாயந்தாண்ணே. கருவாடு வித்த காசு நாறவா போகுது? இப்ப கையில இல்ல. அடுத்த வாரம் வாங்க."

"வா மாமா," என்று மச்சினன் தோளைப் பிடித்து இழுத்தான். "இவன்கூட இன்னும் கொஞ்ச நேரம் பேசுனா மறுபடியும் பிளீச்சிங் பவுடர் வாங்கணும்."

அடுத்த வாரம் போனார்கள். அதற்கடுத்த வாரமும். இப்போது அவன் போனை எடுப்பதில்லை. அவன் ஃபைபர்காரருக்கு ஒன்பதாயிரம் தர வேண்டும்.