பல் டப்பா

“அண்ணி, இது என்ன, முதல்ல பல்லுன்னு ஒரு டப்பா?”

நாத்தனார் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். மருந்துக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள்; தொகை என்றால் அவள் கண் தானாகப் போய் நிற்கும். அண்ணி சலவைக்கூடத்து வேலை முடிந்து வந்த உடுப்பைக்கூட மாற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாருடைய கால்களோ போல.

அந்த வங்கியில் ஒரே கணக்கைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக்கொள்ளலாம். புருஷனும் பெண்டாட்டியும் அவற்றை டப்பா என்றுதான் சொல்வார்கள். ஒன்றாம் தேதி சம்பளம் விழுந்ததும் டப்பாக்கள் தாமாக வரிசையாய் நிரம்பும். பல், மருந்து, பஸ், கரண்ட். மிஞ்சுவது வாடகைக்கு.

“உங்க அண்ணன் பல்லு. முன்பல் விழுந்து மூணு வருஷம் வாயைப் பொத்திக்கிட்டே சிரிச்சாரே, அது. கடைசியில வச்சா அவர் எடுத்துச் செலவு பண்ணிடுவார்னு நான்தான் முதல்ல வச்சேன்.”

“அண்ணன் போயி மூணு மாசம் ஆச்சு.”

“ஆமா.”

“இந்த ஒண்ணாம் தேதிகூட முப்பது போயிருக்கு.”

“போகும். அது பாட்டுக்குப் போகும்.”

“வாடகைக்கு நானூத்தி எண்பது இடிக்குது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வரலேன்னா சாமானை எடுத்துக்குங்கன்னு ஓனர் சொல்லிட்டார். போன ரெண்டு மாசம் எப்படிச் சமாளிச்சீங்க?”

“கரண்ட்ல கொஞ்சம். மருந்து. அப்புறம் பஸ்.”

“பஸ் டப்பாவைக் காலி பண்ணிட்டு?”

“நடந்தேன்.”

நாத்தனார் குனிந்து பார்த்தாள். அண்ணியின் செருப்பு வாசலருகே கிடந்தது. குதிகால் பக்கம் தேய்ந்து, ஓரத்தில் தரை தெரிந்தது.

“மாத்திரையும் போடல, பஸ்ஸும் ஏறல. இங்க ஐந்நூத்திப் பத்து சும்மா உட்கார்ந்திருக்கு! நல்லா குடும்பம் பண்றீங்க அண்ணி.”

“அதுல கை வைக்கக் கூடாது. அது வேற டப்பா.”

“யாருக்கு வேற?”

அண்ணிக்கு, அவர் போன அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டது ஞாபகம் வந்தது. மோதிரம் இருக்கா? இல்லை. கண்ணாடி? இந்தாங்க. பல்செட் ஏதாவது உண்டா? “இல்லை, சேர்த்துக்கிட்டு இருக்கோம்” என்றாள் இவள். நர்ஸ் அதையும் எழுதப்போய், பிறகு பேனாவை நிறுத்தினாள். அழுகை அப்போதும் வரவில்லை. வெறும் கணக்குதான் மனசில் ஓடியது: மொத்தம் அறுநூறு, கையில் நானூற்றி இருபது, இன்னும் ஆறு மாசம்.

“மணி நாலரை” என்றாள் நாத்தனார். “அடுத்த மாசம் நான் இங்கேயே வந்துடறேன், பாதி வாடகை என் பொறுப்புன்னு சொன்னேன்ல. வர்றதுக்கு வீடு இருக்கணுமா வேண்டாமா?”

“இருக்கணும்.”

“அப்ப நீங்களே எடுங்க. நான் தொட மாட்டேன். அவன் என் அண்ணன்.”

போன் கைக்கு வந்தது. விரல்களில் சலவைச் சோடா வாசனை. நான்கு, எட்டு, சுழி. பல் டப்பாவிலிருந்து எடுக்கவா என்று கேட்டது. ஆம். நிச்சயமா என்று மறுபடி கேட்டது.

“எத்தனை தடவைதான் கேட்கும்?” என்றாள் அண்ணி, யாரிடமோ கோபித்துக்கொள்வது போல. பிறகு அழுத்தினாள்.

வாடகை டப்பா நிறைந்தது. நாலு நாற்பதுக்குப் பணம் போனது. ‘வந்தது’ என்று ஓனர் ஒற்றைச் சொல் அனுப்பினார். வேறொன்றும் நடக்கவில்லை. குளிர்பெட்டி அது பாட்டுக்கு முனகியது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

“மிச்சம் முப்பது. டப்பாவை மூடிடலாமா?”

“வேண்டாம், இருக்கட்டும்.”

“மாசாமாசம் போறதையாவது நிறுத்துங்க.”

“நிறுத்த வேண்டாம். முப்பது இல்ல. ஒண்ணுன்னு போடு.”

“ஒண்ணா?”

“ஒண்ணு. கடைசியில வை, வாடகைக்குக் கீழ.”

நாத்தனார் மாற்றினாள். கல்லாக்காரி மனசு சும்மா இருக்குமா, உதடு தானாகக் கணக்குப் போட்டது.

“அண்ணி, இப்படிப் போட்டா பல்லு கட்ட இன்னும் நாற்பத்தேழரை வருஷம் ஆகும்.”

“ஆகட்டும். அவருக்கு என்ன அவசரம்?”

நாத்தனார் சிரிக்கப்போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அண்ணி எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைக் காலில் மாட்டினாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“உன் கடை ஆறு மணி வரைக்கும் இருக்கும்ல? மாத்திரை வாங்கணும். அந்த முப்பதை எடுத்துக் கொடு.”