ஆள் உள்ள இருக்கேன்

கதவு தட்டப்பட்டதும் நாத்தனார் விளக்கை அணைத்துவிட்டாள். ஜன்னல் வழியாக நிலா வெளிச்சம் மட்டும்.

“கதவைத் திற. நான்தான்.” என் கணவரின் குரல். தண்ணீர் பிடிக்க வெளியே போனவர்.

நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“போன வாரம் தையல்காரர் குரல்லயும் இப்படித்தான் கூப்பிட்டுச்சு, அண்ணி. வாட்ச்மேன் திறந்தாரு. அப்புறம் அவரைக் காணோம்.”

ஊரெல்லாம் பரவிய அந்த ஜுரம் வந்து மாறிப்போனவர்கள் சொந்தமாக எதுவும் பேசுவதில்லை. கேட்டதைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்வார்கள். அதைத் தவிர, பசி ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம்.

“குடம் கீழ. ரெண்டடி பின்னால” என்றேன்.

“குடம் கீழ. ரெண்டடி பின்னால” என்றது வெளியே.

“பாத்தீங்களா? திருப்பிச் சொல்லுது.”

“உங்கண்ணனும் திருப்பித்தான் சொல்லுவாரு. உப்பு போதுமான்னு கேட்டா, ‘உப்பு போதுமா’ன்னு சொல்லிட்டுத்தான் வாயில வைப்பாரு.” சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருவர் கீழே குழியில் நிற்க, இன்னொருவர் மேலே சுவிட்ச் பக்கம் நிற்கும் வேலை. சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் கை எதையும் தொடும். உயிரைக் காப்பாற்றிய அந்தப் பழக்கமே இப்போது அவரை வெளியே நிறுத்தியிருக்கிறது.

“சிரிப்பு வேற வருதா உங்களுக்கு? நான் நர்ஸு, அண்ணி. அந்த ஜுர வார்டுல என்ன நடந்துச்சுன்னு பாத்தவ. அண்ணன்னாலும் திறக்க விடமாட்டேன்.”

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஒரு மூச்சா, இரண்டா, தெரியவில்லை.

அவர் திருப்பிச் சொல்லவே மாட்டாத ஒன்று வேண்டும்.

“நீங்க குழிக்குள்ள நிக்கிறீங்க” என்றேன். “மேல நான் சுவிட்ச் போடறேன்.”

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

“போடாத.” குரல் உடைந்தது. “ஆள் உள்ள இருக்கேன்.”

தாழ்ப்பாளை இழுத்து, கைக்கு அகப்பட்ட சட்டையைப் பிடித்து அவரை உள்ளே இழுத்தேன். குடம் வெளியே உருண்டது. மூன்று பேருமாகக் கதவைத் தள்ளித் தாழிட்டோம். அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

“என் பக்கத்துலயே நின்னுச்சு” என்றார். “தொடல. நான் பேசறதக் கேட்டுக்கிட்டே நின்னுச்சு.”

வெளியே அவருடைய குரல், அதே உடைசலோடு: “போடாத. ஆள் உள்ள இருக்கேன்.”

“இனிமே அந்த வார்த்தை உதவாது, அண்ணி.”

தண்ணீரும் போயிற்று. “விடிஞ்சதும் நான் போறேன்” என்றேன். “திரும்பி வந்தா, நான்தான்னு தெரிஞ்சுக்க என்கிட்ட என்ன கேப்பீங்க?”

அவர் யோசித்துவிட்டு வாயைத் திறந்தார். நாத்தனார் பாய்ந்து அதைப் பொத்தினாள். மறு கையால் கதவைக் காட்டினாள்.

வெளியே சத்தமே இல்லை. அடுத்த வார்த்தையைக் கேட்க அது காத்துக்கொண்டிருந்தது.